இரண்டு காதுக்கு இரண்டு பெட்டி: அலன் புளூம்லைனின் கதை

உடையார்கட்டில் இருக்கும் என் சின்னம்மாவின் கடைசி மகன் வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் எடுக்கப் போகிறான். காசு ஜேர்மனியில் இருக்கும் தமையன் அனுப்புகிறார். எதை எடுப்பது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான். ஊடகக் கற்கை படித்ததால் கமரா, மைக், ரி.வி. என்று சொந்தக்காரர் எது வாங்கினாலும் என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பட்டத்தால் இதுவரை எனக்குக் கிடைத்த நிரந்தர வேலை அது ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. ஐந்து சின்னப் பெட்டிகள், ஒரு பெரிய ஊஃபர், மட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ஆயிரக்கணக்கான வாட்ஸ். கூடவே தம்பி ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தான். எங்களுக்கு இருப்பது இரண்டு காதுதானே, பிறகு எதற்கு ஆறு பெட்டி என்று.

அந்தக் கேள்விக்குரிய விடையை 1931ஆம் ஆண்டிலேயே இலண்டனில் ஒரு இளம் பொறியியலாளர் எழுதி வைத்துவிட்டார். பெயர் அலன் டவர் புளூம்லைன். பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவுப் பாடத்தில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். இரண்டு மைக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக, 90 பாகை திருப்பி வைத்துப் பதிவு செய்யும் முறைக்கு புளூம்லைன் ஜோடி என்று பெயர். ஒலித்துறையில் இருப்பவர்களுக்கு உலகமெங்கும் தெரிந்த பெயர் அது. அந்தப் பெயருக்குரிய மனிதர் எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்பதைப் பின்னர் நானாகத் தேடித்தான் படித்தேன். போருக்குள் இருந்து வந்த எங்களுக்கு அந்தக் கதை அந்நியமான கதை இல்லை.

புளூம்லைன் பிறந்தது 1903 ஜூன் 29ஆம் திகதி, இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில். தகப்பன் செம்மி ஜேர்மனியில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். தாய் ஜெஸி, தென்னாபிரிக்காவில் ஊழியம் செய்த ஸ்கொட்லாந்து மிஷனரி ஒருவரின் மகள். ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணி பழுதானபோது பையன் தானே அதைத் திருத்தி, தகப்பனிடம் ஒரு பில்லும் நீட்டியிருக்கிறான். கீழே தன் பெயரையும், பெயரோடு மின் பொறியியலாளர் என்ற பட்டத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்த பில். ஆனால் பன்னிரண்டு வயது வரை அவனுக்குச் சரளமாக வாசிக்க வராது. வாசிக்கத் தெரியாத அந்த வயதில் இருபடிச் சமன்பாடுகள் போடத் தெரிந்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எந்த வாங்கில் இருத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஹைகேட் பாடசாலை, பிறகு இலண்டன் சிற்றி அன்ட் கில்ட்ஸ் கல்லூரி, முதல் வகுப்புப் பட்டம். 1924இல் தொலைபேசிக் கொம்பனி ஒன்றில் சேர்ந்து, நீண்ட தூரக் கம்பிகளில் ஒருவர் பேசுவது இன்னொருவரின் இணைப்பில் கேட்கும் கோளாறைக் குறைக்கும் வேலை பார்த்தார். 1929இல் கொலம்பியா கிராஃபோபோன் கொம்பனிக்கு மாறினார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் ஐசக் ஷோன்பெர்க், ரஷ்யாவில் இருந்து வந்து குடியேறிய யூதர். 1931இல் கொலம்பியாவும், நாய் படம் போட்ட இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கொம்பனியும் ஒன்றாகி ஈ.எம்.ஐ. என்ற நிறுவனம் உருவானது. குழாய் வைத்த பெட்டியின் முன்னால் நாய் இருந்து பாட்டுக் கேட்கும் அந்தப் படம் எங்கள் தாத்தாமாரின் வீடுகளிலும் இருந்ததுதான்.

அதே 1931இல் ஒருநாள் புளூம்லைன் தான் மணக்கப் போகும் டொரீனோடு படம் பார்க்கப் போனார். பேசும் படம் வந்து சில வருடங்களே ஆன காலம். திரையில் நடிகர் ஒரு ஓரத்தில் நின்று வாயசைக்கிறார், குரலோ வேறு எங்கோ இருக்கும் ஒரே ஒரு ஒலிபெருக்கியில் இருந்து வருகிறது. கொட்டகையில் இருந்த எல்லோரும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். புளூம்லைனுக்குப் பொறுக்கவில்லை. நடிகர் நடந்தால் குரலும் கூட நடக்க வேண்டும், அதற்கு என்னிடம் வழி இருக்கிறது என்று டொரீனிடம் சொல்லியிருக்கிறார். அந்த வருடம் டிசம்பர் 14ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 394325 என்ற இலக்கத்தோடு 1933இல் அது ஏற்கப்பட்டது. ஒரே பத்திரத்துக்குள் 70 உரிமைக் கோரல்கள். ஸ்டீரியோ என்று இன்று நாங்கள் சொல்லும் விடயத்தின் பெரும்பகுதி அந்தப் பத்திரத்துக்குள் இருக்கிறது. அவர் அதற்கு வைத்த பெயர் வேறு, இரு செவி ஒலி என்ற பொருளில்.

அவர் யோசித்த விதம் இதுதான். மனிதனின் இரண்டு காதுகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் தூரம். ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் போகும். இடது பக்கம் இருந்து வரும் சத்தம் இடது காதுக்கு வந்த பிறகு வலது காதுக்குப் போய்ச் சேர ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்காது. அவ்வளவு சின்ன வித்தியாசத்தை மூளை பிடித்துக்கொண்டு திசை சொல்கிறது. கீச்சென்ற உயர்ந்த சத்தத்துக்கு வேறு கணக்கு: தலை இடையில் நின்று மறைப்பதால் தூரத்துக் காதுக்குச் சத்தம் குறைவாகக் கேட்கும், அந்தக் குறைவை வைத்து மூளை திசை பிடிக்கும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்த புளூம்லைன், முன்னால் இரண்டே இரண்டு பெட்டிகளை வைத்து, அவற்றின் சத்த அளவைச் சரியாகக் கூட்டிக் குறைத்தால், நடுவில் பெட்டியே இல்லாத இடத்தில் ஒரு பாடகரை நிறுத்தலாம் என்று காட்டினார்.

சத்தத்தில் திசை பார்க்கும் வித்தையை வன்னியில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 ஜனவரி 21ஆம் திகதி உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் பகுதிகளை உள்ளடக்கிப் பாதுகாப்பு வலயம் அறிவித்தார்கள். சனம் மூட்டை முடிச்சோடு பரந்தன்-முல்லைத்தீவு வீதியால் வந்து அங்கே நெருங்கியது. எறிகணைகளும் அந்த வலயத்துக்குள் வந்தன, ஆஸ்பத்திரியாக இயங்கிய இடத்திலும் விழுந்தன. அந்த நாட்களில் ஐந்து வயதுப் பிள்ளைகூட ஷெல் குத்துற சத்தம் எந்தப் பக்கம் கேட்டது என்று சொல்லும். தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போனால் அது எங்களுக்கு இல்லை என்று பெரியவர்கள் மூச்சு விடுவார்கள். வண்டு எங்கே சுற்றுகிறது என்று பார்த்துத்தான் அடுப்பு மூட்டினோம். கிபிர் மட்டும் காதை ஏமாற்றிவிடும். சத்தம் வந்த பக்கம் நிமிர்ந்து பார்க்கும்போது அது வேறு பக்கம் போயிருக்கும். புளூம்லைன் கணக்கால் கண்ட விடயத்தை நாங்கள் பங்கர் வாசலில் குந்தியிருந்து கண்டோம்.

1933 டிசம்பரில் அவர் தன் முதல் ஸ்டீரியோத் தட்டுகளை வெட்டினார். ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில், ஒரு சுவருக்கு இடப்பக்க ஒலி, மறு சுவருக்கு வலப்பக்க ஒலி, இரண்டும் 45 பாகைச் சரிவு. ஊசி ஒன்று, வரும் ஒலி இரண்டு. அடுத்த மாதம் அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் தோமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட் ஒத்திகையை இந்த முறையில் பதிவு செய்தார்கள். 1935இல் படங்களும் எடுத்தார்கள். ஒன்றில் ஆட்கள் மேடையில் பேசிக்கொண்டே இங்கும் அங்கும் நடக்கிறார்கள். இன்னொன்று ஹேய்ஸ் ரயில் நிலையம்: ரயில் திரையில் போகும் திசையிலேயே அதன் சத்தமும் போகிறது. கதையும் இல்லை, நடிப்பும் இல்லை. இன்றைய ஹோம் தியேட்டருக்கு ஒரு பூட்டன் உண்டென்றால் அது இந்த ரயில் படம்தான்.

ஈ.எம்.ஐ. இதைச் சந்தைக்குக் கொண்டு வரவில்லை. கொட்டகைக்காரர் புதிதாகச் செலவழிக்கக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. கொம்பனியின் கவனமும் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியது, புளூம்லைனும் அந்தப் பக்கம் இழுக்கப்பட்டார். 405 கோடுகள் கொண்ட அந்தத் தொலைக்காட்சி முறையை உருவாக்கிய குழுவில் அவர் முக்கியமானவர். 1936 நவம்பர் 2ஆம் திகதி பி.பி.சி. தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது பெயார்டின் முறையும் இந்த முறையும் மாறி மாறிப் பரீட்சிக்கப்பட்டன. சில மாதங்களில் பெயார்டின் முறை கைவிடப்பட்டது. ஆக, இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் படத்திலும், இரு பக்கமும் நிற்கும் ஒலியிலும் இந்த ஒரு மனிதரின் கை இருக்கிறது. இறக்கும்போது அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன, அவருக்கு 40 வயதும் ஆகவில்லை.

தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆறு பெட்டி எதற்கு? இரண்டு பெட்டி முறையில் ஒரு குறை உண்டு. நடுவில் இருப்பவருக்குத்தான் குரல் நடுவில் கேட்கும், ஓரத்தில் இருப்பவருக்குக் கிட்ட இருக்கும் பெட்டிப் பக்கம் சாய்ந்துவிடும். நூற்றுக்கணக்கானவர் இருக்கும் கொட்டகையில் இது பெரிய பிரச்சினை. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹார்வி ஃபிளெச்சரின் குழு இடம், நடு, வலம் என்று மூன்று பெட்டி வைத்துப் பரிசோதித்தது. 5.1 என்பதில் பேச்சுக்கென்று திரைக்குக் கீழே வைக்கும் நடுப்பெட்டி அந்த வழியில் வந்தது. பின்னால் வைக்கும் இரண்டும் மழை, கூட்டம், பறந்து போகும் ஹெலி போன்றவற்றுக்கு. மிச்சமுள்ள அந்தப் புள்ளி ஒன்றுதான் ஊஃபர்.

சின்னம்மாவின் வீடு ஐந்தரை இலட்சம் ரூபா இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. முன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி வரும். நிலத்துக்கு மாபிள், சுவர் வெறும் சீமெந்துப் பூச்சு. அந்த அறையில் ஆறு பெட்டி வைத்தால் எல்லாச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பி, எது எங்கே இருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். அந்தக் காசுக்கு நல்ல இரண்டு பெட்டி எடு என்று எழுதினேன். பெட்டிகளும் நீ இருக்கும் இடமும் சமபக்க முக்கோணமாக வரட்டும். பெட்டியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் காதுக்கு நேரே நிற்கட்டும். மூலைக்குள் தள்ளாதே. நிலத்தில் ஒரு தடித்த பாய் விரி, ஜன்னலுக்குத் துணித் திரை போடு, பாதி எதிரொலி அதிலேயே போய்விடும். மட்டையில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதே, அது ஒரு கண நேர உச்சத்துக்குப் போடும் விளம்பரக் கணக்கு. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதைப் பார், அறைக்கு 20, 30 வாட்ஸ் தாராளம். வீடு முழுக்கச் சேர்ந்து படம் பார்த்து, பேச்சுத் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் மட்டும் நடுப்பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

ஊஃபரை வேண்டாம் என்று சொன்னதற்கு அறையின் அளவு மட்டும் காரணம் இல்லை.

ஆழமான சத்தத்தின் அலை நீளமானது. செக்கனுக்கு 80 அதிர்வு என்றால் ஒரு அலையின் நீளம் நாலு மீற்றருக்கும் மேல். 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கும் இரண்டு காதுக்கும் அது ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வந்து சேரும். அறைக்குள் அந்தச் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று பிடிப்பது கடினம். ஊஃபரை அறையில் எந்தப் பக்கமும் வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வது இதனால்தான். படங்களில் வெடிப்பும் இடியும் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். காதால் கேட்பதற்கு முன் நெஞ்சு அதிரும், நிலமும் அதிரும். பங்கருக்குள் இருந்தவர்களுக்கு இது தெரியும். வெளியில் நிற்கும்போது திசையாவது இருந்தது. உள்ளே போனால் திசை இல்லாத அதிர்வுதான்.

அயல் வீடொன்றில் புதிதாக வாங்கிய செட்டில் ஒரு சண்டைப் படம் ஓடியபோது சின்னம்மா எழும்பிப் போய் வளவு வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். படம் முடியும் வரைக்கும் உள்ளே வரவில்லை. 2009 ஜனவரியில் அந்த வீதிக் கரையில் அவர் எதை இழந்தார் என்பதை இங்கே எழுத அவர் எனக்கு அனுமதி தரவில்லை. தம்பிக்கு அப்போது நாலு வயது, அவனுக்கு நினைவில்லை. அவனுக்கு நல்ல பேஸ் வேண்டும். அது அவன் வயதின் ஆசை, அதில் பிழை சொல்ல முடியாது. ஒரே வீட்டுக்குள் இரண்டு விதமான காதுகள் இருக்கின்றன. ஹோம் தியேட்டர் தெரிவு செய்வது பற்றி வரும் வழிகாட்டிகள் எதிலும் இந்த விடயத்துக்கு ஒரு வரி கிடையாது, எங்கள் பக்கத்தில் கடைக்குப் போக முதல் வீட்டுக்குள் பேச வேண்டியது அதுதான்.

1939இல் போர் வந்தது. புளூம்லைனின் இரு செவி அறிவுக்குப் போரும் ஒரு வேலை வைத்திருந்தது. இரவில் வரும் விமானத்தைப் பெரிய ஒலிவாங்கிக் குழாய்களை வைத்துக் காதால் தேடிய காலம் அது. கேட்பவரின் காதை மட்டும் நம்பாமல், அந்த ஒலி வித்தியாசத்தைக் குழாய்த் திரையில் கண்ணால் பார்க்க வைக்கும் கருவியில் அவர் வேலை செய்தார். பாடகரை மேடையில் நிறுத்தக் கண்ட கணக்கு, விமானத்தை வானத்தில் தேடப் போனது. பிறகு இரவு விமானங்களுக்கான ராடர். அதன் பிறகு எச்2எஸ்.

எச்2எஸ் என்பது குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் பொருத்தும் ராடர். கீழே முகில் மூடியிருந்தாலும், இரவாக இருந்தாலும், நகரம் எங்கே, ஆறு எங்கே, கரை எங்கே என்று திரையில் காட்டும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1940இல் உருவான மக்னட்ரோன் என்ற குழாய் அதன் உயிர். 1942 ஜூன் 7ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கருவியைப் பரிசோதிப்பதற்காக டெஃபர்ட் விமானத் தளத்தில் இருந்து வி9977 என்ற ஹலிஃபக்ஸ் விமானம் கிளம்பியது. அதில் புளூம்லைனும் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் இன்னும் இரண்டு பொறியியலாளர்களும் இருந்தார்கள். வலது பக்க இயந்திரம் ஒன்றில் தீப்பிடித்தது. தாழப் பறந்துகொண்டிருந்ததால் குதிக்கவும் வழியில்லை. வேல்ஸ் எல்லையில், வை ஆற்றங்கரையில் உள்ள வெல்ஷ் பிக்னர் என்ற இடத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். இயந்திரத்தின் வால்வில் ஒரு சுரை சரியாக இறுக்கப்படாததே காரணம் என்று பின்னர் கண்டார்கள். புளூம்லைனுக்கு அப்போது 38 வயது. மனைவியும் சைமன், டேவிட் என்ற இரண்டு சின்னப் பையன்களும் இருந்தார்கள்.

கருவி இரகசியம் என்பதால் அந்த மரணமும் இரகசியமாக்கப்பட்டது. அவர் எதற்காக, எப்படி இறந்தார் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியவில்லை. ஆளைக் காணவில்லை, காரணம் சொல்ல ஒருவருமில்லை என்ற நிலை எங்களில் எத்தனையோ வீடுகளுக்கு இன்னும் முடியவில்லை. டொரீனுக்குக் கணவரின் உடல் கிடைத்தது, மரணச் செய்தி கிடைத்தது. அந்த அளவில் அவர் நிலை வேறு.

வேலை நிற்கவில்லை. சர்ச்சில் அவசரப்படுத்தினார். பேர்னார்ட் லோவலின் தலைமையில் குழு கருவியை முடித்தது. 1943 ஜனவரி 30ஆம் திகதி இரவு ஹம்பேர்க் நகரத்தின் மீது எச்2எஸ் முதல் தடவை பயன்படுத்தப்பட்டது. ஆறும் துறைமுகமும் உள்ள நகரம் ராடர் திரையில் தெளிவாகத் தெரியும். அந்த வருடம் ஜூலைக் கடைசியில் அதே நகரத்தின் மீது தொடர்ச்சியாக நடந்த குண்டுவீச்சில் தீப்புயல் எழுந்து 35,000க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் பொதுமக்கள், நிலவறைகளுக்குள் மூச்சு முட்டிச் செத்தவர்கள் பலர். நாசிகளை எதிர்த்த போர் அது என்பதை நான் மறக்கவில்லை. பங்கருக்குள் இருந்து மேலே பார்த்தவர்களின் பக்கம் இருந்து வந்த எனக்கு, அந்தத் திரையில் வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்த நகரத்தைப் பற்றி யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. புளூம்லைன் அந்த இரவைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று சொல்வது என் வேலையும் இல்லை.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1950களின் கடைசியில். அமெரிக்காவில் வேறு பொறியியலாளர்கள் தாங்களாகவே அதே 45 பாகைச் சரிவுப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். காப்புரிமைப் பத்திரத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் இலண்டனில் ஒருவர் 1931லேயே அதை எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. அதற்குள் காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. அபே ரோட் கூடத்தில் 2015இல் அவர் பெயரில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 2017இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள், இறந்து 75 வருடம் ஆகும் ஆண்டில். விமானம் விழுந்த இடத்துக்குக் கிட்ட உள்ள குட்ரிச் கோட்டையின் சிற்றாலயத்தில் டெஃபர்டில் ராடர் வேலை செய்தவர்களுக்காக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. ஹேய்ஸ் ரயில் நிலையப் படமும் அழியாமல் இருக்கிறது. சில நிமிடங்கள் ஓடும். ஹெட்போன் போட்டுக் கேட்டால் ரயில் ஒரு காதால் வந்து மற்றக் காதால் போகும்.